இணை சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி
குதிரைக்குட்டிகளின் பரம்பரை நோய்களும் மரபணுச் சோதனையும்

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பொருள்கள் கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருள்களைக் கடக்க விடுவதில்லை. எனவே குதிரைக்குட்டி ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. பிறந்த ஒரு நாளுக்குள் அது குடிக்கும் சீம்பால்தான் அடுத்த சில வாரங்களுக்கு நோய்களை அண்டவிடாமல் வைத்திருக்கும். இரவல் வாங்கிய அந்த எதிர்ப்பொருள்கள் கரைந்து தீர்வதற்குள் குட்டியின் உடல் தனக்கென்று ஒரு நோயெதிர்ப்பைக் கட்டி எழுப்பியாக வேண்டும்.

அரேபிய இனத்தில் சில குட்டிகளால் அது முடிவதே இல்லை. பிறக்கும்போது அவற்றில் எந்தக் குறையும் தெரியாது. மற்ற குட்டிகளைப் போலவே எழுந்து நிற்கும், பால் குடிக்கும், துள்ளி ஓடும். ஒன்றிரண்டு மாதத்தில் மூக்கு ஒழுகத் தொடங்கும். இருமல் வரும், வயிறு கழியும். மருந்து கொடுத்தால் சற்றுத் தேறும். நிறுத்தினால் மறுபடியும் படுக்கும். நல்ல குட்டிகளை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் அடினோவைரஸ் இவற்றின் நுரையீரலைத் தின்றுவிடும். ஐந்து மாதத்தைத் தாண்டும் குட்டி அரிது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கையர், பாப்பி என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு என்பது அதன் பெயர், சுருக்கமாக எஸ்சிஐடி.

இன்று இந்த நோயை உறுதிசெய்ய வேரோடு பிடுங்கிய இருபது முப்பது வால்மயிர் போதும். ஆனால் முடிவு வந்த பிறகு அந்தக் குட்டிக்குச் செய்யக்கூடியது எதுவும் அநேகமாக இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று 1980களில் ஆய்வு முயற்சியாகச் செய்து பார்க்கப்பட்டது. பண்ணைகளின் வழக்கமான சிகிச்சையாக அது மாறவில்லை. அப்படியானால் மரபணுச் சோதனையின் பயன் என்ன? நோயாளிக் குட்டிக்கு அது தாமதமாக வரும் செய்தி. நலமாக இருக்கும் குட்டிக்கும், இன்னும் கருவாகாத குட்டிக்கும்தான் அது பயன்படுகிறது. எந்த ஆண் குதிரையை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது, பிறந்தவற்றில் எதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது என்ற இரண்டு முடிவுகளில்தான் அதன் முழு மதிப்பும் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு குதிரை இனங்கள் இந்தச் சோதனையைக் கையாண்ட விதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

விடுபட்ட ஐந்து எழுத்துகள்

உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் வளரும்போது விந்தையான ஒரு வேலையைச் செய்கின்றன. தம் சொந்த டிஎன்ஏவையே ஓரிடத்தில் வெட்டி, துண்டுகளை வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லும் வேறு வேறு விதமாக ஒட்டுவதால்தான், இதுவரை பார்த்திராத கிருமியையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் கோடிக்கணக்கான வகைகளில் உருவாகின்றன. வெட்டிய முனைகளை ஒட்டுவதற்கு டிஎன்ஏ-பிகே என்ற நொதி வேண்டும். எஸ்சிஐடி குட்டிகளில் அந்த நொதி வேலை செய்வதில்லை என்பது 1995இல் தெரியவந்தது. காத்ரின் மீக்கின் ஆய்வுக்குழு 1997இல் காரணத்தைக் கண்டது: அந்த நொதியின் முக்கியப் பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஐந்து எழுத்துகள் விடுபட்டிருந்தன. மரபணுவை உடல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூன்றோ ஆறோ போயிருந்தால் புரதத்தில் ஓரிரு கண்ணிகள் மட்டும் குறைந்திருக்கலாம். ஐந்து போனதால் அதற்குப் பின்னால் வரும் வாசிப்பு முழுவதும் தடம்புரள்கிறது. புரதம் பாதியில் முடிந்துபோகிறது. வேலை செய்ய வேண்டிய முனை உருவாவதே இல்லை.

இது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதான பிரதிகள் இரண்டும் வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதான குதிரைக்கு எந்தக் கேடும் இல்லை. பந்தயத்தில் ஓடும், பரிசு வாங்கும், முதுமை வரை வாழும். அதை மரபியலில் கடத்தி என்பார்கள். இரண்டு கடத்திகள் இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று, கடத்தியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு, பழுதே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

1997க்கு முன்னால் ஒரு குதிரை கடத்தியா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது: அதற்கு ஒரு குட்டி பிறந்து சாக வேண்டும். அந்த வழியும் நம்பத்தக்கதல்ல. பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான். இரண்டு கடத்திகளுக்கு அடுத்தடுத்து மூன்று குட்டிகளும் நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42. மூன்று நான்கு ஆண்டுகள் நல்ல குட்டிகளையே பார்த்த உரிமையாளர் தம் குதிரைகள் பழுதற்றவை என்று நம்பியதில் வியப்பில்லை. குட்டி இறந்த வீட்டிலும் நிமோனியா என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிந்தது. விலை உயர்ந்த பொலிகுதிரையின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் பலரின் வாயை அடைத்தது.

சோதனை வந்த மறு ஆண்டே, 1998இல், பெர்னோக்கோ, பெய்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சமவாய்ப்பு முறையில் தேர்ந்த 250 அரேபியக் குதிரைகளைச் சோதித்த முடிவை வெளியிட்டனர். அவற்றில் 8.4 விழுக்காடு கடத்திகள். குதிரைகள் எந்தத் தேர்வுமின்றி இணை சேர்ந்தால் இந்த விகிதத்தில் ஆயிரம் குட்டிகளுக்கு இரண்டுக்கும் குறைவாகவே நோய் வரும். நோய் அரிதாகத் தெரிவதற்கும் பழுது பரவிக் கிடப்பதற்கும் இடையில் உள்ள தொலைவு இதுதான். ஆயிரம் குட்டிகளில் இரண்டு இறப்பதை மட்டும் பார்ப்பவர், அதே ஆயிரத்தில் எண்பதுக்கு மேற்பட்டவை பழுதைச் சுமந்து போவதை அறிய முடியாது.

முடிவுத்தாள் சொல்வதும் சொல்லாததும்

மாதிரி எடுப்பது எளிது. குட்டியின் பிடரிமயிர் மெல்லியது என்பதால் வால்மயிரை எடுப்பார்கள். முடியின் தண்டு உதவாது. டிஎன்ஏ இருப்பது வேரில். தாயின் முடி கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில சோதனைகளுக்கு ரத்தமும் எடுப்பதுண்டு.

முடிவுத்தாளில் வருவது இரண்டு எழுத்துதான்; அவற்றின் பொருள் மூன்றில் ஒன்று: பிரதிகள் இரண்டும் நல்லவை, ஒன்று பழுது, இரண்டும் பழுது. இதைப் படிப்பதில் வழக்கமாக நேரும் பிழை, 'நல்லது' என்ற முடிவை 'நோயற்ற குதிரை' என்று எடுத்துக்கொள்வது. அந்தச் சோதனை தேடியது ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஓர் இடத்தை. அரேபியக் குட்டிகளுக்கே வேறு பரம்பரை நோய்களும் உண்டு. சிறுமூளைச் செல்கள் அழிந்து தலை ஆட்டமும் தள்ளாட்டமும் வரும் நோய் பிறந்த சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெளிப்படும். லாவெண்டர் நிறம் போன்ற வெளிறிய மேனியுடன் பிறக்கும் குட்டிகளோ வலிப்பு கண்டு எழுந்து நிற்கவே முடியாமல் இறக்கும். இதற்குக் காரணமான மரபணு 2010இல் கண்டறியப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை. மேலும், குட்டி அடிக்கடி நோய்ப்படுவதற்கு மரபணுவைவிட மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: உரிய நேரத்தில் போதிய சீம்பால் கிடைக்காமை. கால்நடை மருத்துவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

விற்பனைக்கு வரும் எல்லாச் சோதனைகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்சிஐடி போன்றவற்றில் பழுதான பிரதிகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயமின்றி நிறுவப்பட்டது. தசைநோய் ஒன்றைக் காட்டும் என்று வணிக நிறுவனங்கள் விற்ற சில மரபணுச் சோதனைகளைத் தசைத் துண்டுகளின் நுண்ணோக்கி ஆய்வோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை என்று 2021இல் ஸ்டெஃபனி வால்பெர்க் குழு காட்டியது. அத்தகைய முடிவை நம்பி நல்ல குதிரையைக் கழிப்பதும் இழப்புதான்.

சின்ன இனத்தின் பெரிய கணக்கு

இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியா மலைப்பகுதியில் ஃபெல் என்ற மட்டக்குதிரை இனம் இருக்கிறது. கறுத்த, உறுதியான, எண்ணிக்கையில் குறைந்துபோன இனம். அதன் குட்டிகள் சில பிறந்து சில வாரங்களில் வெளுத்துப்போகத் தொடங்கின. ஈறுகளில் ரத்தமே இருக்காது. கடும் ரத்தசோகையும் எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்களின் இன்மையும் ஒன்றாக வந்தன. மூன்று மாதத்துக்குள் இறந்தன, அல்லது வலியின்றி முடித்துவைக்கப்பட்டன. இங்கிலாந்தின் விலங்கு நல அறக்கட்டளையைச் சேர்ந்த குழு எஸ்எல்சி5ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தை இதனுடன் இணைத்தது. 2010இல் சோதனை பயன்பாட்டுக்கு வந்தது. கணக்கெடுத்தபோது ஃபெல் குதிரைகளில் 38 விழுக்காடும், அவற்றின் உறவினமான டேல்ஸ் குதிரைகளில் 18 விழுக்காடும் கடத்திகள் என்று தெரிந்தது.

இந்த எண்ணைக் கண்டதும் முதலில் தோன்றுவது, கடத்திகளை எல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம் என்பது. ஒரே தலைமுறையில் நோயும் பழுதும் ஒழியும். ஆனால் நூறில் முப்பத்தெட்டு குதிரைகளை இழந்த சின்ன இனம் மிச்சமிருக்கும் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணை தேட வேண்டிவரும். மறைந்து கிடக்கும் வேறு ஏதோ ஒரு பழுது அந்த நெருக்கத்தில் இரட்டித்து வெளியே வரும். ஒரு நோயை ஒழிக்கப்போய் இன்னொன்றை வரவழைத்ததாக முடியும்.

அடுத்த வழி, கடத்திகளைப் பழுதற்றவற்றோடு மட்டும் சேர்ப்பது. அப்படிச் செய்தால் நோயுற்ற குட்டி ஒன்றுகூடப் பிறக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் சிக்கல் தீர்ந்தது. கணக்கைச் சற்று முன்னே கொண்டுபோய்ப் பார்ப்போம். நூறு குதிரைகள், ஐம்பது இணைகள் என்று வைத்துக்கொள்வோம். கடத்திகள் 38ஐயும் பழுதற்றவை 38உடன் சேர்த்தால் 38 இணைகள்; மீதி 12 இணைகளில் இரு பக்கமும் பழுதற்றவை. முதல் வகை இணைகளின் குட்டிகளில் பாதி கடத்திகளாக இருக்கும். இணைக்கு ஒரு குட்டி என்றால் ஐம்பது குட்டிகளில் பத்தொன்பது கடத்திகள். அது மீண்டும் அதே 38 விழுக்காடு. குட்டிகள் சாவது நின்றுவிட்டது. ஆனால் பழுது இம்மியும் குறையவில்லை. எந்தத் தலைமுறையிலாவது ஒருவர் சோதிக்காமல் இணை சேர்த்தால் நோய் பழைய வேகத்திலேயே திரும்பும்.

இளங்குதிரைகளைச் சோதிப்பது இங்கேதான் இன்றியமையாததாகிறது. கடத்திக்கும் பழுதற்றதற்கும் பிறந்த குட்டிகளில் பாதி பழுதற்றவை. அவற்றில் தாயின் நடையும் தந்தையின் உடற்கட்டும் சேர்ந்து வந்த குட்டியைக் கண்டுபிடித்து, அதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டால், ஒரு வம்சத்தின் நற்குணங்களைக் காப்பாற்றிக்கொண்டே பழுதை மட்டும் மெல்லக் கழற்ற முடியும். கடத்தியான குட்டி சவாரிக்கும் வேலைக்கும் முழுத் தகுதி உடையது. அதைக் குறைவாக மதிக்கக் காரணமே இல்லை. இணையைத் தேர்வது சாவைத் தடுக்கிறது. குட்டியைத் தேர்வது பழுதைக் குறைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இத்துறையில் எளிதில் கண்ணுக்குப் படாத பிழை.

அழகும் பழுதும் ஒரே பிரதியில்

கடத்தி என்றால் யாரும் விரும்பாத குதிரை என்பதில்லை. அமெரிக்காவின் பெயின்ட் இனத்தில், விலாப்புறங்களில் வெள்ளைத் திட்டுகள் சட்டமிட்டதுபோல் அமைந்திருக்கும் ஒரு வகை மேனிக்கு நல்ல விலை உண்டு. இடிஎன்ஆர்பி என்ற மரபணுவின் ஒரு மாற்றம் ஒற்றைப் பிரதியாக வரும்போது அந்தத் திட்டுகளைத் தருகிறது. அதே மாற்றம் இரட்டைப் பிரதியாக வந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். அதன் குடலில் நரம்புச் செல்கள் இருக்காது. சாணம் நகராமல் வயிற்று வலியில் துடித்துச் சில நாட்களில் இறக்கும். கருவில் நிறச் செல்களும் குடல் நரம்புச் செல்களும் ஒரே மூலத்திலிருந்து புறப்பட்டுப் போவதுதான் இந்தத் தொடர்புக்குக் காரணம். மனிதரில் இதற்கு இணையானது ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். 1998இல் மரபணு தெரிந்தது.

இங்கே கடத்தியை ஒழிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமையாளர் தேடுவதே கடத்தியைத்தான். திட்டுள்ள இரண்டைச் சேர்க்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் இந்த மாற்றத்தைச் சுமந்தும் திட்டு மிகக் குறைவாகவோ தெரியாமலோ உள்ள குதிரைகள் உண்டு. கண்ணால் பார்த்து இணை சேர்த்தவர்களுக்குத்தான் வெள்ளைக்குட்டி பிறந்தது. இந்த நோயில் சோதனை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, இணையைச் சரிபார்ப்பது.

ஒரு பிரதியே நோயானால்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கடத்தி நலமாக வாழ்கிறது. அமெரிக்க குவார்ட்டர் குதிரை இனத்தில் 1969இல் பிறந்த இம்ப்ரெஸிவ் என்ற பொலிகுதிரையின் கதை வேறு. நிறுத்திவைத்து உடற்கட்டை மட்டும் பார்க்கும் ஹால்டர் போட்டியில் அது 1974இல் உலகப் பட்டம் வென்றது. திரண்ட தசை அதன் அடையாளம். எல்லோரும் அதன் குட்டிகளைக் கேட்டார்கள். வம்சம் பல்லாயிரமாகப் பெருகியது. அந்த வம்சத்தில் சில குதிரைகளுக்குத் தசைகள் துடிக்கும், உடல் நடுங்கும், திடீரென்று சரிந்து விழும். சில இறந்தும் போயின. தசைச் செல்லின் சோடியம் வாயிலை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அந்த வாயில் சரியாக மூடுவதில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது தாக்குதல் வருகிறது என்று 1992இல் நிறுவப்பட்டது.

இது ஓங்கு பண்பு. ஒரு பிரதியே நோய்க்குப் போதும். அதனால் குட்டியைச் சோதிப்பது அதன் சொந்த வாழ்வுக்கே உதவுகிறது. பொட்டாசியம் மிகுந்த குதிரைமசாலையும் வெல்லப்பாகையும் குறைத்து, சீரான உடற்பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் மருந்தும் தந்தால் பல குதிரைகளைத் தாக்குதலின்றி வைத்திருக்கலாம். நோயை அறியாமல் வாங்கியவர், சவாரியின்போது குதிரை சரிந்து தாமும் அடிபடும் ஆபத்தில் இருக்கிறார்.

சோதனை வந்த பிறகு நடந்தது என்ன? இரட்டைப் பிரதி உள்ள குட்டிகளைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்ற விதி 2007இல் பிறந்த குட்டிகளிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. ஒற்றைப் பிரதி உள்ளவை தொடர்ந்து பதிவாகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இனத்தின் உயர்தரக் குதிரைகளைப் பிரிவு வாரியாகச் சோதித்தது. ஹால்டர் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த மாற்றத்தைச் சுமந்தன. சோதனை கிடைத்துப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அறியாமையால் அது நிலைக்கவில்லை. திரண்ட தசைக்கு நடுவர்கள் பரிசு கொடுத்ததால் நிலைத்தது.

அதே ஆய்வில், மாடு பிரிக்கும் போட்டிக் குதிரைகளில் 28 விழுக்காடு வேறொரு பழுதின் கடத்திகள். இரட்டைப் பிரதி உள்ள குட்டிக்குத் தோலின் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. இரண்டு வயதில் முதன்முதலாகச் சேணம் வைக்கும்போதுதான் முதுகுத் தோல் கிழிந்து நோய் தெரியவரும். மாடு பிரிப்பதில் பெயர்பெற்ற போக்கோ புவேனோ என்ற பொலிகுதிரையின் வம்சத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இரு கதைகளிலும் காரணம் ஒன்றே. ஒரு குதிரையின் புகழுக்காக அதன் வித்தினை இனம் முழுவதும் பரப்பினால், அதன் ஒவ்வொரு குறையும் சேர்ந்தே பரவும்.

விதி எங்கே கோடு கிழிக்க வேண்டும்

குவார்ட்டர் குதிரைச் சங்கம் 2015 முதல், பொலிகுதிரையின் குட்டிகளைப் பதிவதற்கு முன் அதன் ஐந்து மரபணுச் சோதனை முடிவுகள் கோப்பில் இருக்க வேண்டும் என்றது. ஆண் குதிரையிடமிருந்து தொடங்கியது பொருத்தமே. பெட்டை தன் வாழ்நாளில் பத்துப் பதினைந்து குட்டி ஈனலாம். செயற்கைக் கருவூட்டல் காலத்துப் பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் பிறக்கும். ஆனால் ஒடுங்கு பண்பில் ஆபத்து தனி ஒரு குதிரையில் இல்லை, இணையில் இருக்கிறது. ஆண் பக்கத்து முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டையின் உரிமையாளர் பாதிக் கேள்விக்குத்தான் விடை காண முடியும்.

எல்லா நோய்க்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே இந்த நான்கு கதைகளும் சேர்ந்து காட்டுவது. கோடு கிழிக்க வேண்டிய இடம், ஒற்றைப் பிரதி அதைச் சுமக்கும் குதிரைக்கே கேடு செய்கிறதா என்பதில் இருக்கிறது. செய்கிறதென்றால், இம்ப்ரெஸிவ் வம்சத்து நோயைப் போல, அந்தக் குதிரையை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் விடுவதே முறை. நோயின் துணையோடு வரும் அழகுக்குப் பரிசு கொடுப்பதை நடுவர்கள் நிறுத்த வேண்டும். செய்யவில்லையென்றால், அரேபியக் குதிரையிலும் ஃபெல் குதிரையிலும் போல, கடத்தியை ஒதுக்காமல் அதன் இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறக்கும் குட்டிகளைப் பால் மறக்கும் வயதுக்குள் சோதித்து, இனப்பெருக்கத்துக்கு நிற்கப்போவதையும் சவாரிக்குப் போகப்போவதையும் அப்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். இரு வழிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: முடிவு உரிமையாளரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்காமல் இனப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கடத்தி என்பது அவமானமாக இருக்கும்வரை முடிவுகள் வெளியே வராது. முடிவுகள் வெளியே வராதவரை, பெட்டைக்கு இணை தேடும் ஒருவர் 1997க்கு முன்னிருந்தவர்களைப் போலவே குட்டி பிறந்த பிறகுதான் உண்மையைத் தெரிந்துகொள்வார்.